பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்காக இதை எழுதவும் இல்லை. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நாலு என்ன, நாற்பது சொல்லலாம், அவ்வளவு சரக்குள்ள மனிதர்தான். ஆனால் நல்லதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே கெட்டதும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அவருடையது மட்டுமில்லை, என்னுடையதும்.

1991இல் மண்ணூர் ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் கிளார்க். பஸ் பாடிக்குத் தகடு அடிப்போம், சீட் ஃபிரேம் செய்வோம், ஏணி, டிராலி என்று எது வந்தாலும் விடமாட்டோம். மொத்தம் முப்பத்தோரு பேர். அவர்தான் ஃபோர்மேன். விமானப்படையில் வருஷக்கணக்காக ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவர். முன்னால் 'சார்' என்போம், பின்னால் 'ஏர்ஃபோர்ஸ்' என்போம். பின்னால் அப்படிச் சொல்வது அவருக்குத் தெரியும். யார் யார் சொன்னார்கள், எத்தனை தடவை சொன்னார்கள் என்பதும் தெரியும்.

பழியை மனசில் வைத்துக்கொள்வதில் அவர் ஒரு தனிப் பிறவி. பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைக்காரர் விளிம்பு உடைந்த கிளாஸில் டீ கொடுத்திருக்கிறார். கேட்டதற்கு, "குடிக்கறது டீயா, கிளாஸா?" என்று வேறு சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இவர் தினமும் நடந்துபோய் வேறொரு கடையில் டீ வாங்கி, கிளாஸைக் கையிலேயே எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, இந்தக் கடை வாசலில் நின்று ஊதி ஊதிக் குடிப்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு குடிப்பார். நாலு வருஷம். கடைசியில் கடைக்காரரே வெளியே வந்து, "உள்ள வந்து உக்காருங்க சார், பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க" என்று கெஞ்சினார். "டீ என்னோடது, ரோடு சர்க்காரோடது. உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார் இவர்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் ரூமில் தனியாக இருந்தார். ஒரு நாள் காலையில் பஸ் அவரை ஏற்றாமல் போய்விட்டது. மறுநாளிலிருந்து அந்த பஸ் வருகிற நேரத்துக்குப் பாதி ரோட்டுக்கு வந்து நின்று கை காட்டுவார். டிரைவர் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும். கண்டக்டர் "ஏறு சார்" என்றால், "நீ போப்பா, நான் அடுத்ததுல வரேன்" என்பார். ஒரு மாசம் இது நடந்தது. அதற்குப் பிறகு அந்த ஸ்டாப்பில் ஆள் இல்லாவிட்டால்கூட பஸ் நின்று போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் லைன் சூப்பர்வைசர் ஒருவன் என் துப்பட்டாவைப் பற்றி நாலு பேர் நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தான். இவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அவனை என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். நான் அளவு பார்க்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியது அவன் வேலை. "அந்தம்மா ஓகே போட்டாத்தான் உன் பீஸு வெளிய போவும். நல்லா இழுத்துப் பிடி" என்பார். மூன்று மாசம் பிடித்தான். அப்புறம் வேலையை விட்டுப் போய்விட்டான். அப்போது அவர்மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

"பொய் சொல்லிப் பழி வாங்கறவன் அவசரக்காரன்மா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "காத்துக்கினு இருந்தா உண்மையே நம்ம கைக்கு வந்து சேரும். அத்த எடுத்து அடிச்சோம்னு வை, திருப்பி அடிக்க எதிராளிகிட்ட ஒண்ணும் இருக்காது." நான் சிரித்தேன். அந்த அடி என் தலையிலும் விழும் என்று யாருக்குத் தெரியும்.

அவருடைய பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேர்ந்த முதல் வாரமே சுவரில் ஒரு பெரிய பலகையை அடித்து, பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பேனரின், ஒவ்வொரு சுத்தியலின் உருவத்தையும் அதில் கறுப்புப் பெயிண்டால் வரைந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆணி. கருவியை எடுத்தால் அதன் நிழல் மட்டும் சுவரில் தெரியும். எடுத்தவர் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அங்கே மாட்ட வேண்டும். ஷிப்ட் முடியும்போது ஒரே ஒரு நிழல் காலியாக இருந்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. விரல் நீள ஆலன் கீ ஒன்றைத் தேடி முப்பத்தோரு பேரும் தரையில் தவழ்ந்த நாட்கள் உண்டு. "பஸ் சீட்டுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ அலப்பறை?" என்று வெல்டர் ஏழுமலை கேட்டால், "காணாம போனது எங்க கீதுன்னு தெரியலைன்னா, அது இருக்கக்கூடாத எடத்துலதான் கீதுன்னு வச்சிக்கணும்" என்பார்.

பலகையின் கீழ் மூலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் உருவம் மட்டும் சிவப்பில் இருக்கும். அதற்கு ஆணி கிடையாது. டூல் ரிஜிஸ்டர் எழுதுகிறவள் நான், அதிலும் அப்படி ஒரு கருவி கிடையாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் போன பிறகு, அது எதற்கு என்று கேட்டேன்.

"வடக்க ஒரு ஏர்ஃபீல்டுல இருந்தேன். நான் அப்ப கார்ப்பரல்" என்று ஆரம்பித்தார். "பெரிய விருந்தாளிங்க வந்திருந்தாங்க, பிளேன் பறக்க விட்டுக் காமிக்கணும். டூலை எண்ணிப் பாக்கறேன், என் பெட்டியில ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொறையுது. ஆபீசர்கிட்ட ஓடிப் போயி சொன்னேன். பிளேன நிறுத்துங்க சார், உள்ள வுழுந்திருக்கும், தொறந்து பாத்துடலாம்னேன். 'விருந்தாளிங்க காத்துக்கினு இருக்காங்க, அப்பால தேடு'ன்னாரு. பிளேன் மேல போச்சு. ஓட்டற ஸ்டிக்கு மாட்டிக்கிச்சு. பைலட்டு இருபத்திரண்டு வயசுப் பையன்மா."

அந்தச் சிவப்பின் மேல் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"விசாரணை வச்சாங்க. இந்த கார்ப்பரல் உங்ககிட்ட டூல் காணோம்னு சொன்னானான்னு ஆபீசரைக் கேட்டாங்க. 'தெரியாது'ன்னாரு. ஒரே வார்த்தை. டூல்ல என் நம்பரு. என் பதவிப் பட்டையைப் பிச்சிட்டாங்க. பதினாலு வருஷம் ஆச்சு."

இதை என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றார். நானும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டுமே சொன்னார் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம் இல்லை. நாட்டிடமே டாலர் இல்லை என்று பேப்பரில் போட்டார்கள். பஸ் பாடி ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் ரோட்டில் போலீஸ் நிற்காத நாள் கிடையாது. அப்போதுதான் முதலாளி ஒரு சேதி கொண்டு வந்தார். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு சின்ன நாடு. அதன் விமானப்படை புதிதாக ஜெட் போர் விமானங்கள் வாங்கப்போகிறது. விமானத்திலிருந்து எஞ்சினை இறக்கி வைக்கும் டிராலிகளும், பைலட் ஏறுகிற ஏணிகளும் தனியாகச் செய்ய வேண்டும், அதற்கு மலிவான இடம் தேடுகிறார்கள். விமானம் விற்கும் கம்பெனியின் ஏஜெண்ட் மூலம் பேச்சு நடக்கிறது. ஆர்டர் கிடைத்தால் இரண்டு வருஷத்துக்கு வேலை. டெம்பரரியாக இருந்த பதினோரு பேரையும் பர்மனெண்ட் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். அந்தப் பதினோரு பேரில் நான் ஒருத்தி.

பர்மனெண்ட் என்பது எனக்கு வெறும் வேலை விஷயம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. இருபத்தாறு வயதுவரை எனக்கு வந்ததிலேயே ஒழுங்கான இடம் அதுதான். பையன் இரண்டு முறை வந்தான். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான், எனக்குப் பிடித்திருந்தது. அவன் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பொண்ணு பர்மனெண்டா?" தீபாவளிக்குள் ஆகிவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

டிராலி செய்கிறோம் என்றதும் ஏழுமலை முதலில் கேட்ட கேள்வி, நம் ஆட்கள் தலையில் குண்டு போடுகிற நாடா என்பது. இல்லை, அது வேறு எங்கோ என்று முதலாளி சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் நிம்மதி. வேறு யார் தலையில் போடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால், அடுக்கின தகடுகள் மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது தினமும் இதே பேச்சு. அந்த நாடு விமானம் வாங்கலாமா, கூடாதா என்பதில் எங்கள் பட்டறையே இரண்டாக நின்றது. ஒரு பக்கம் முப்பது பேர், மறுபக்கம் அவர்.

"சின்ன நாடுன்னா இன்னா சார், அவனுக்கும் மேல வானம் கீதுல்ல?" என்றார் ஏழுமலை.

"வானம் கீதுப்பா. தரை கீதா?" என்றார் அவர். "ஒரு ஜெட்டு மேல போவணும்னா கீழ எத்தினி பேரு நிக்கணும் தெரியுமா? வாங்கறதுக்கு ஒரு நாளு போதும். வச்சிக் காப்பாத்தறது முப்பது வருஷம்."

"பக்கத்து நாட்டுக்காரன் ஏறி வந்தா கையக் கட்டிக்கினு நிக்கச் சொல்றீங்களா?" என்று நான் கேட்டேன். "ஒண்ணு ரெண்டாவது நிறுத்தி வச்சா, இவன்கிட்டயும் கீதுன்னு அவன் பயப்பட மாட்டானா?"

"பறக்காத பிளேனுக்கு எவன் பயப்படுவான்? எதிராளிக்கு எல்லாம் தெரியும்மா. எந்த ஷெட்டுல எது நின்னுக்கினு கீதுன்னு நம்மள விட அவனுக்கு நல்லாத் தெரியும்."

"சரி சார், அவன் வாங்கட்டும், வாங்காம போகட்டும். டிராலி வாங்கினாப் போதும்" என்று ஏழுமலை முடித்தார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாம்பிள் டிராலியை அவர்தான் இழைத்து இழைத்துச் செய்தார். வெல்டிங்கை மூன்று தடவை பிரித்துப் போடச் சொன்னார். அந்த நாடு வாங்கக் கூடாது என்று வாயால் சொல்லிக்கொண்டே, வாங்கினால் கெட்டுப்போகாத டிராலியைக் கையால் செய்தார். அதனால்தான் அவர் இப்படிச் செய்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் வந்தார்கள். அந்த நாட்டு விமானப்படை அதிகாரி உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். சென்னையிலிருந்து வருவதற்குள் மூன்று இடத்தில் பாஸ்போர்ட் பார்த்தார்களாம், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. கூட வந்த ஏஜெண்ட் நம்மவர்தான். அறுபது வயதிருக்கும். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை. ஜீப்பிலிருந்து அவர் இறங்கியபோது எங்கள் ஃபோர்மேன் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பலகைப் பக்கம் திரும்பி, அந்தச் சிவப்பு உருவத்தை ஒரு தரம் பார்த்தார். வந்திருப்பது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கோட்டுக்காரர் அவருக்குக் கை கொடுத்தார், நலமா என்று கேட்டார், அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். அடையாளமே தெரியவில்லை.

நான் அவர் பக்கத்தில் போய், "சார், இன்னிக்கு வேணாம் சார்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

டிராலி பிரமாதமாக நடந்துகொண்டது. அந்த அதிகாரி தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்க வெல்டிங்கை எல்லாம் பார்த்தார். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று பேச்சு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிரியாணி வந்து இறங்கிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் முதலாளி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தப் பலகை மேல் ஒரு பெருமை. வெளியாட்கள் யார் வந்தாலும் அதைக் காட்டாமல் விடமாட்டார். அன்றைக்கும் காட்டினார். எங்கள் ஃபோர்மேன் ஜெட் விமானங்களில் வேலை பார்த்தவர், இது அங்கிருந்து வந்த பழக்கம் என்று தோளில் கை போட்டுச் சொன்னார்.

அதிகாரி பலகையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எங்கள் ஃபோர்மேனிடம் திரும்பினார். இங்கிலீஷில்தான் பேசினார்கள். எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"போன வருஷம் எங்கள் தலைநகரத்துக்கு மேல் பக்கத்து நாட்டு விமானங்கள் தாழ்வாகப் பறந்தன. குண்டு ஏதும் போடவில்லை, சும்மா பறந்தன. ஊரில் பாதி ஜன்னல் உடைந்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்த என் அம்மா இரண்டு நாள் வெளியே வரவில்லை. மேலே அனுப்ப எங்களிடம் ஒன்றுமே இல்லை. அதற்காகத்தான் வாங்குகிறோம். நீங்கள் அந்த வேலை தெரிந்தவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, வாங்கலாமா?"

முதலாளி சிரித்த முகமாக நின்றார். 'வாங்கலாம் சார்' என்ற ஒரு வார்த்தைதான் தேவை. சும்மா தலையாட்டினால்கூடப் போதும்.

"உங்களிடம் எத்தனை ஃபிட்டர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

"பதினெட்டுப் பேர். ஆறு பேரைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறோம்."

"எஞ்சினைத் திறக்க வேண்டி வந்தால் எங்கே திறப்பீர்கள்?"

அதிகாரி கோட்டுக்காரரைப் பார்த்தார். கப்பலில் அனுப்பினால் சரிசெய்து அனுப்புவார்கள் என்றார் கோட்டுக்காரர்.

"எத்தனை மாசத்தில்?"

"அது நிலைமையைப் பொறுத்தது."

"விற்கிற நாட்டுக்கும் உங்கள் பக்கத்து நாட்டுக்கும் நாளைக்கே சிநேகம் வந்துவிட்டால்?"

கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் வாங்காதீர்கள்" என்றார் எங்கள் ஃபோர்மேன். குரலை உயர்த்தவே இல்லை. "ரேடார் வாங்குங்கள். உங்கள் அம்மாவைப் பத்திரமாக ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்க நேரம் கிடைக்கும். ஹெலிகாப்டர் வாங்குங்கள், வெள்ளம் வந்தால் ஆட்களைத் தூக்கலாம். பத்து வருஷம் ஃபிட்டர்களை வளருங்கள். ஜெட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இப்போது வாங்கினால் ஒரு வருஷம் பறக்கும். பிறகு சுதந்திர தினத்துக்குத் துடைத்து நிறுத்துவீர்கள். அப்படி ஒரு நாளில் ஏதோ ஒரு டூல் காணாமல் போகும். விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், அப்புறம் தேடலாம் என்று யாராவது பறக்கச் சொல்வார். எங்கள் பையன் ஒருவன் அப்படித்தான் செத்தான்." சிவப்பு உருவத்தின் மேல் விரலை வைத்தார். "இது எங்கே போயிற்று என்று இவரைக் கேளுங்கள்."

கோட்டுக்காரர் அப்போதுதான் அவரை முழுசாகப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார், யாரும் இன்னும் கேட்காமலேயே.

எங்கள் ஃபோர்மேன் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஃபோர்மேனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிரியாணியை யாரும் திறக்கவில்லை. ஜீப் போன பிறகு முதலாளி சாம்பிள் டிராலி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார் இப்படிப் பண்ணிட்ட" என்றார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் விடவில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே போய்க் கேட்டேன். "கையெழுத்துப் போட்ட அப்பால சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"இப்பதானேம்மா கேட்டாரு. பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் வேணாம். வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?"

"பதினாலு வருஷமா அதைத்தான் பண்ணிக்கினு இருந்தேன்."

"அந்தாளப் பழி வாங்கறதுக்கு எங்க முப்பது பேரு வயித்துல அடிச்சிட்டீங்களே சார்."

அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னை அவனுக்கு அடையாளம்கூடத் தெரியலைம்மா" என்றார். அது மட்டும்தான் அவருக்குக் கவலை. அவர் கண்ணில் ஈரம் இருந்தது. அதற்கு முன் என்றால் அந்த ஈரத்தைப் பார்த்து உருகியிருப்பேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

கோட்டுக்காரரின் பேரம் முறிந்தது உண்மை. அந்த வகையில் அவர் ஜெயித்தார். ஆனால் அந்த நாடு வேறொரு கம்பெனியிடம் விமானம் வாங்கத்தான் செய்தது. டிராலிகளை அம்பத்தூரில் யாரோ செய்தார்கள். சில வருஷம் கழித்துப் பேப்பரில் ஒரு மூலையில் படித்தேன், உதிரி பாகம் கிடைக்காமல் அத்தனை விமானங்களும் ஷெட்டில் நிற்கின்றனவாம். அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் கூடித்தான் போனது. தப்பாகச் சொல்லி எங்களைக் கவிழ்த்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். சரியானதைச் சொல்லிக் கவிழ்த்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

சிங்கப்பெருமாள் கோவில்காரர்கள் தீபாவளிக்கு மறுநாள் ஆள் அனுப்பினார்கள். பையனுக்கு இப்போது கல்யாண யோகம் இல்லையென்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். தையில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

பட்டறை மார்கழிவரை இழுத்துக்கொண்டு கிடந்தது. கிடைத்த வேலையெல்லாம் எடுத்தோம். கடைசியாகச் செய்தது ஒரு மோட்டார் ராட்டினத்தின் கியர் பாக்ஸ். ஊர் ஊராகத் திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற பெரிய ராட்டினம். அவரே பிரித்து, அவரே பூட்டினார். கடைசி நாள் மத்தியானம் ராட்டினக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாலை நாலு மணிக்குக் கருவிகளை எல்லாம் எண்ணி, பட்டறையை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், ஒரேயடியாக.

சாப்பாட்டு நேரத்தில் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து என் டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்தேன். யோசித்துச் செய்தேன். அவரிடம் கற்றுக்கொண்ட பொறுமையோடு செய்தேன்.

நாலு மணிக்குப் பலகையில் ஒரே ஒரு நிழல் காலி. வில்லையும் மாட்டியிருக்கவில்லை. அவர் எல்லாரையும் தேடச் சொன்னார். கடைசி நாளில் யார் தேடுவார்கள்? ஏழுமலை மட்டும் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "வுடு சார், இனிமே யாருக்கு இன்னா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஐம்பத்தைந்து வயது மனிதர் பிரஸ் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் ரிஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்தைப் போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து தேடினாராம், வாட்ச்மேன் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் மண்ணூரில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அப்பா நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நான்தான் எடுத்தேன் என்று அவருக்குத் தெரியும். யார் எத்தனை தடவை 'ஏர்ஃபோர்ஸ்' என்றார்கள் என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு இது தெரியாதா? ஆனால் எடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை.

"ஸ்பேனர் வேணாம்மா. அது எங்க வேணா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "அந்த ராட்டினத்துக்குள்ள இல்லைன்னு மட்டும் சொல்லு. புள்ளைங்க ஏறுற வண்டி. அது மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் போயிடறேன்."

தலையாட்டினால் போதும். அவர் போய்விடுவார், தூங்குவார். ஸ்பேனர் எனக்குப் பின்னால் அரிசி டிரம்முக்குள் இருந்தது. அவர் காலி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். அந்தச் சிவப்பு உருவம், சனிக்கிழமை மத்தியானம், எனக்கு மட்டும் சொன்ன கதை எல்லாம் ஞாபகம் வந்தது. எதைச் சொன்னால் அவருக்கு வலிக்கும் என்று அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "சரிம்மா" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட்டு ரோடு வரைக்கும் நடந்தே போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

போன வருஷம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஏழுமலையைப் பார்த்தேன். பேரனோடு வந்திருந்தார். வாங்க என்று வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுத்தேன். ஏர்ஃபோர்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவர்தான் சொன்னார். பட்டறை மூடிய பிறகு அவரைப் பல தடவை பார்த்திருக்கிறாராம், எல்லாம் திருவிழாக்களில்தான். காஞ்சிபுரத்தில், வாலாஜாபாத்தில், ஒருமுறை திருவள்ளூரில். ராட்டினம் சுற்றுகிற இடத்தில் மோட்டார் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பாராம். "சாமி பாக்க வந்தீங்களா சார்னு கேட்டேன். 'இல்லப்பா, சத்தம் கேக்க வந்தேன்'னாரு. கடைசி வரைக்கும் அப்படித்தாம்மா திரிஞ்சாரு. எந்த ராட்டினத்தப் பாத்தாலும் நிறுத்தச் சொல்லி, தொறந்து காட்டச் சொல்லி சண்டை போடுவாரு. பைத்தியம்னு தொரத்துவாங்க."

ஏழுமலை காபியைக் குடித்து முடித்தார்.

"உன்கிட்டதான் மனசு வுட்டுப் பேசுவாரு. இன்னாத்தம்மா தேடினாரு அவரு?"

"தெரியாதுண்ணே" என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் ஓரத்தில் ஸ்பேனர் இருந்தது. துடைத்து எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், துருப்பிடிக்க விட்டதில்லை.